செத்து ஒதுங்கிய கடலாமையைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

ஜனவரி பிறந்தால் போதும், சென்னைக் கடற்கரையில் காலையில் நடக்கப் போன யாராவது ஒருவர் செத்த ஆமையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார். நாலு பேர் அழுகிற முகம் போடுவார்கள், அதோடு முடிந்தது. எந்த இடம், எந்த நாள் என்றுகூடத் தெரியாத அந்தப் படத்தை வைத்து ஓர் ஆராய்ச்சியாளரால் எதுவும் செய்ய முடியாது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரியில் பார்த்தோம். சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) செத்து ஒதுங்கின. பிரேதப் பரிசோதனையில் கழுத்து வீக்கம், பிதுங்கிய கண் என்று மூச்சுமுட்டிச் செத்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. ஆமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற உயிர், வலைக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் அவ்வளவுதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்கிற விதி, இழுவலையிலிருந்து ஆமை தப்பிப்போக வழிவிடும் கம்பிச்சட்டம், இதெல்லாம் மறுபடி பேச்சுக்கு வந்தது.

சரி, நீங்கள் ஓர் ஆமையைப் பார்த்துவிட்டீர்கள். முதலில் அதன் மேல் பெயின்ட் அடையாளம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தன்னார்வலர்கள் ஏற்கெனவே எண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் மேலிருந்து முழு ஓடும் தெரிகிற மாதிரி ஒரு படம், தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. தலைப்படம் ஏன் என்றால், கண்களுக்கு நடுவே பங்குனி ஆமைக்கு இரண்டு ஜோடிச் செதில்கள் இருக்கும், பேராமை என்கிற பச்சை ஆமைக்கு ஒரே ஜோடிதான். வால் முதுகோட்டின் விளிம்பைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் வளர்ந்த ஆண். வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறையும் தையல்காரர் டேப்பும் இருந்தால் கழுத்துப் பக்க ஓரத்திலிருந்து வால் பக்க ஓரம் வரை ஓட்டின் வளைவோடு ஒட்டி அளந்து எழுதுங்கள். கழுத்து வீக்கம், வலைத் துண்டு, தூண்டில் முள், படகு விசிறி வெட்டிய காயம், எது கண்ணில் பட்டாலும் தனிப்படம் எடுங்கள். ஆனால் 'வலையில் மாட்டிச் செத்தது' என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

நாள், நேரம், போனில் லொகேஷன். அப்புறம் வனத்துறைக்குத் தகவல். இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், முதுகோட்டையோ மண்டையோட்டையோ வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம்.

அடுத்து சொல்லப்போவதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஆமையே இல்லாத நாளையும் எழுத வேண்டும்! எங்கிருந்து எங்கே வரை நடந்தீர்கள், எத்தனை கிலோமீட்டர், ஆமை பூஜ்யம். தினமும் 3 கிலோமீட்டர் நடந்து 10 ஆமை பார்ப்பதும், ஒரே ஒரு நாள் நடந்து 10 பார்ப்பதும் ஒன்றா? பூஜ்யங்கள் இல்லாத நோட்டை வைத்துக்கொண்டு இந்த வருஷம் சாவு கூடியதா குறைந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. கடலில் செத்த எல்லாமே கரைக்கு வருவதும் இல்லை, காற்றும் நீரோட்டமும் வேறு பக்கம் கொண்டுபோய்விடும். அதனால் உங்கள் எண் எப்போதும் குறைந்தபட்ச எண்தான், அப்படியே சொல்லுங்கள், கூட்டிச் சொன்னால் விசாரணையில் நிற்காது.

குப்பத்து மீனவர்களிடம் பேசுங்கள். நேற்று காற்று எப்படி அடித்தது, விசைப்படகுகள் எவ்வளவு கிட்டே வந்தன என்பது அவர்களுக்குத் தெரியும், கரையோரம் வந்து இழுக்கும் படகுகளால் அவர்கள் வலையும் அறுபடுகிறது. குற்றம் சாட்டும் குரலில் போனால் ஒரு வார்த்தை கிடைக்காது.

தனியாகச் செய்யச் சலிப்பாக இருந்தால், 1988லிருந்து சென்னையில் இரவு நடை போகும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்போடு ஒரு ராத்திரி நடந்து பாருங்கள். டார்ச்சை அணைத்துவிட்டு, முட்டையிட வந்த தாய் ஆமை மணலைத் தள்ளுகிற சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறுநாள் காலையும் நோட்டோடு கரைக்கு வந்துவிடுகிறார்கள்.