நீலகிரியில் குழந்தை நலப் பணி: நல்ல மனதோடு செய்யும் தவறுகள்

நீலகிரிக்குக் குழந்தைகளுக்காக வேலை செய்ய வரும் குழுக்களுக்குக் குறைவே இல்லை. கோவையிலிருந்து அறக்கட்டளைகள் வருகின்றன, கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், தேவாலயக் குழுக்கள் வருகின்றன. உள்ளூரில் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய அமைப்புகளும் உண்டு. யாருடைய மனதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே தவறு வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. குழந்தையைப் பார்க்கிறோம், அந்தக் குழந்தை வளர்கிற வீட்டைப் பார்ப்பதில்லை. அப்பாவுக்கு என்ன வேலை, அம்மா வீட்டில் பேசும் மொழி எது, பாட்டி சொன்னால் அந்த வீட்டில் எடுபடுமா, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா உண்டா என்று எதுவும் தெரியாமல் குழந்தைக்கு மட்டும் ஏதோ செய்துவிடப் பார்க்கிறோம்.

இந்த மலையில் வேலை தொடங்குகிறவர்களுக்காக, அடிக்கடி கண்ணில் படும் தவறுகளை எழுதுகிறேன்.

எடுத்தவுடன் ஹாஸ்டல்

அப்பா குடிக்கிறார். அம்மா இலை பறிக்கப் போகிறார். பையன் நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. இதைக் கேட்டதும் குழுவில் யாராவது ஒருவர், "கீழே நல்ல ஹோம் இருக்கு, சேர்த்துவிடலாம்" என்பார். செய்வதற்கு எளிது, கணக்கில் காட்டுவதற்கும் எளிது. அந்தக் குழந்தைக்கு அது நல்லதா என்பதை மட்டும் யாரும் நின்று கேட்பதில்லை.

குழந்தைகளின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் பற்றிய 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. குழந்தை குடும்பத்தோடு வளர்வதுதான் முதல் வழி. இல்லத்தில் சேர்ப்பது மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகு வரும் கடைசி வழி. காரணம் மலையில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். கீழே போகும் பிள்ளை முதலில் தன் மொழியை விடுகிறது. அண்ணனும் தங்கையும் ஆண்பிள்ளை இல்லம், பெண்பிள்ளை இல்லம் என்று தனித்தனியாகப் பிரிகிறார்கள். நாலு வருடம் கழித்து விடுமுறைக்கு வரும்போது அம்மாவின் சமையலும் வீடும் அதற்கு அந்நியமாகிவிடுகின்றன. வறுமை ஒன்று மட்டுமே பிரச்சினை என்றால், அந்தப் பிரிவு முழுக்கத் தேவையில்லாதது.

பணம்தான் குறை என்றால் அதற்கு வழிகள் இருக்கின்றன. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில், தகுதியுள்ள குழந்தைக்குச் சொந்த வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கும், 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. பந்தலூர் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. அந்த நடையைக் குடும்பத்தோடு சேர்ந்து நடப்பதுதான் குழுவின் வேலை.

இன்னொன்று. ஆதரவில்லாமல் தனியாக நிற்கும் குழந்தையைப் பார்த்தால், இரக்கப்பட்டு யாருடைய வீட்டிலாவது வைத்துக்கொள்ளக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்க அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும். பதிவில்லாமல் இல்லம் நடத்துவது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். வீட்டிலேயே குழந்தைக்கு ஆபத்து என்றாலும், பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழுதான். நாம் இல்லை.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் கதை வேறு. காட்டுக்குள் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை தேவை. அங்கே நடக்கும் தவறு, சேர்த்துவிட்டு மறந்துபோவது. திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை திரும்பிப் போகவில்லை என்றால் உடனே பெற்றோரைத் திட்டுகிறோம். பல நேரங்களில் அந்தப் பிள்ளைக்கு அங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருந்திருக்காது. முதல் மாதத்தில் அம்மாவையோ பாட்டியையோ இரண்டு தடவை கூட்டிப்போய்க் காட்டினாலே நிலைமை மாறும்.

பதினொரு மணிக் கூட்டம்

தாய்மார்கள் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைப்பார்கள். அந்த நேரத்தில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருப்பவர்கள் வயதானவர்கள் மட்டும்தான். இலை பறிக்கும் பெண்கள் விடிந்ததும் கிளம்பினால் மாலையில்தான் திரும்புவார்கள். கூட்டத்துக்கு யாரும் வராவிட்டால், "தாய்மார்களுக்கு ஆர்வம் இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். இது அநியாயம்.

சரி, மாலை ஆறு மணிக்கு வைக்கலாமா? கூடலூர், பந்தலூர் பக்கம் அதைச் செய்யவே கூடாது. இருட்டிய பிறகு யானை நடமாடும் வழியில் யாரையும் வரச் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே, அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த 3 வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. இங்கே கூட்டத்துக்கு நேரம் குறிப்பது குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எங்கே கூடுகிறோம், எந்த வழியாகத் திரும்புவார்கள், எத்தனை மணிக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்வார்கள் என்பதையெல்லாம் ஊர்க்காரர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஞாயிறு காலையில் துணி துவைப்பதும் சந்தைக்குப் போவதும் போக மீதம் இருக்கிற அரைமணி நேரம் பல எஸ்டேட்களில் ஒத்துவரும். எஸ்டேட் நிர்வாகம் சம்மதித்தால், மதியம் இலை நிறுக்கும் இடத்திலேயே பத்து நிமிடம் பேசலாம். அந்தப் பத்து நிமிடம் மண்டபத்தில் நடத்தும் இரண்டு மணி நேரத்தைவிடப் பயன் தரும்.

மழையும் மலை முழுக்க ஒன்றாகப் பெய்வதில்லை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் பயம். மண்சரிவு வருவது அப்போதுதான். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் சில குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குடகுக்கும் வயநாட்டுக்கும் போய்விடும். தேன் எடுக்கும் காலத்தில் குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களில் ஆண்கள் காட்டுக்குள் இருப்பார்கள். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற நிதியாண்டுக் கணக்கில் போட்ட திட்டம் இதில் எதற்கும் பொருந்தாது. வேலையின் முதல் மாதத்தில் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து, எந்த மாதம் யார் எங்கே இருப்பார்கள் என்று எழுதிக்கொண்டால் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவது

தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிச் சமூகங்கள் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றன. ஒவ்வொருவர் வீட்டிலும் பேச்சு வேறு. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் படுக மொழி. கூடலூரில் மலையாளம் சரளமாகப் புழங்கும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்களுக்குத் தமிழே தாய்மொழி; 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968-லிருந்து உருவாயின. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இலை பறிக்கும் குடும்பங்கள் பல எஸ்டேட்களில் இருக்கின்றன. அவர்களின் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பதற்குக்கூட ஆள் இருப்பதில்லை.

இந்த நிலையில் குழுக்கள் கண்டுபிடித்திருக்கும் சுலபமான வழி, பள்ளிக்குப் போகும் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது. ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. "அப்பா குடிச்சிட்டு அடிப்பாரான்னு அம்மாகிட்ட கேளு" என்று எட்டு வயதுப் பெண்ணிடம் சொல்வது கொடுமை. அந்தக் கேள்வியை அந்தக் குழந்தை வாயால் கேட்க வேண்டும், பதிலையும் அதுவே சுமந்துவர வேண்டும், அன்று இரவு அதே வீட்டில்தான் தூங்கவும் வேண்டும். அம்மாவும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றுதான் சொல்வார்.

அந்தந்தச் சமூகத்துப் பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்திப் பயிற்சி கொடுப்பது ஒன்றுதான் நிலையான வழி. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை அதைத்தான் செய்தது. ஆதிவாசிப் பெண்களே அங்கே செவிலியர்களாகவும் ஊர்களில் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆனார்கள். அவர்களை உதவியாளர் என்று ஓரமாக நிறுத்திவிட்டு முடிவுகளை மட்டும் வெளியாள் எடுப்பது அதே தவறின் இன்னொரு வடிவம்.

நோயைச் சோம்பல் என்பது

அடிக்கடி பள்ளிக்கு வராத, குளிர் வந்தால் கைகால் வலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்பார்கள். முகம் வெளுத்திருந்தால் தாய் சரியாகச் சோறு போடவில்லை என்பார்கள். பழங்குடிக் குடும்பம் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானதே 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். பெற்றோர் வழியாக வரும் நோய் இது. குளிரும் உடலில் நீர் குறைவதும் வலியைக் கிளப்பும். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்காமல், சத்துமாவு கொடுத்து தாய்க்கு அறிவுரை சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. பிள்ளையை வலியோடு விட்டுவிட்டுத் தாயையும் குற்றவாளியாக்குகிறோம். பரிசோதனை முடிவை ஊர் நடுவில் வாசிப்பதும் தவறு. அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது போகும்.

படம் பிடிப்பதும் கம்பளி கொடுப்பதும்

டிசம்பர் குளிரில் கம்பளி கொடுக்கிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். "தாயை இழந்த பிஞ்சு" என்று கீழே ஒரு வரி. அந்தப் பிஞ்சு ஒன்பதாம் வகுப்பு வரும்போது அந்தப் படம் இணையத்தில் அப்படியே இருக்கும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி என எதையும் அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். நன்கொடையாளர் படம் கேட்டால் கொடுத்த பொருளைப் படமெடுத்து அனுப்புங்கள். அப்புறம், பொருளைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். பிள்ளைக்கு வேண்டியதை வாங்கிக் கொடுப்பவர் வெளியாள்தான் என்று அந்த வீட்டில் பதிந்துவிடக் கூடாது.

"பேசி முடிச்சுக்கலாம்"

பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் இந்தப் பேச்சு எழாத ஊர் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். குழுவில் ஆளுக்கு ஒரு முறை அந்தக் குழந்தையிடம் நடந்ததைக் கேட்பதும் கூடாது. குழந்தை தானாகச் சொன்னதை, அது சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு உடனே 1098-ஐ அழையுங்கள்.

குழுக்கள் அதிகம் தவறுவது புகாருக்குப் பிறகுதான். எஸ்டேட்டில் லைன் வீடு வேலையோடு ஒட்டியது. குற்றம் செய்தவர் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்து, வேலையும் அவர் பெயரில் இருந்தால், அவர் சிறைக்குப் போனதும் அந்தத் தாய்க்கு முதலில் வரும் பயம் வீடு போய்விடுமோ என்பதுதான். தாய் வாயைத் திறக்காததற்குக் காரணம் பாசமில்லாமை என்று எழுதுகிறவர்கள் இந்தப் பயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை. தாய்க்கு அதே எஸ்டேட்டில் வேலை கிடைக்குமா, தற்காலிகமாக எங்கே தங்குவார்கள், வழக்குக்காக ஊட்டிக்குப் போகும் நாட்களில் யார் கூட வருவார்கள் என்று புகார் கொடுத்த நாளிலிருந்தே பார்க்க வேண்டும். புகாரோடு நமது வேலை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த மாதமே சாட்சி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

காகிதம்

அப்பாக்களை விட்டுவிடுவது, அங்கன்வாடி இருக்கும் இடத்திலேயே அதற்குப் போட்டியாக இன்னொரு மையம் திறப்பது, ஒரே வீட்டில் ஒரே கேள்விகளோடு மூன்று அமைப்புகள் கணக்கெடுப்பது ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். காகிதங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பழங்குடிச் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் விசாரித்துத்தான் கொடுப்பார். பத்தாம் வகுப்பில் கேட்கும்போது ஓட ஆரம்பித்தால் நேரத்துக்குக் கிடைக்காது. மேல்படிப்பு அங்கேயே நின்றுபோகும். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பம் போட வையுங்கள். கூடலூரில் பிரிவு 17 நிலத்தில், அதாவது ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில், இருக்கும் வீடுகளில் பட்டா இல்லாததால் மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இரவில் செல்போனில் பாடம் அனுப்பிவிட்டு, "படிக்க மாட்டேங்கிறான்" என்று எழுதாதீர்கள்.

திட்டப் பணம் முடிந்ததும் குழு கிளம்பிவிடும். கிளம்பும் தேதியை வந்த அன்றே குடும்பங்களிடம் சொல்லிவிட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி பாதியில் நிற்கிறது என்ற பட்டியல் அங்கன்வாடிப் பணியாளரிடமும், ஊராட்சித் தலைவர் தலைமையில் இயங்கும் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிடமும் இருக்க வேண்டும். விண்ணப்பம் போட என்று வாங்கிய ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றிதழும் குழுவின் அலமாரியிலேயே தங்கிப்போவது இங்கே அடிக்கடி நடக்கிறது. குழு கலைந்த பிறகு அலுவலகம் எங்கே என்றுகூடத் தெரியாமல் குடும்பங்கள் அலைகின்றன. நகல் போதும். அசலை, வாங்கிய அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.