ஒரே ஐ.பி. முகவரியில் இரண்டு கருவிகள்: தேயிலை பெக்டரியில் செய்யக்கூடாத தவறுகள்

தேயிலையை உலர்த்தும் ட்ரையரின் டச் திரையில் வெப்பநிலை 95 பாகையிலேயே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் எண் மாறத் தொடங்குகிறது, மறுபடி நின்றுவிடுகிறது. கேபிளை மாற்றிப் பார்க்கிறார்கள், ஸ்விட்சை மாற்றிப் பார்க்கிறார்கள், கடைசியில் பெனலையே ஓஃப் செய்து ஒன் செய்கிறார்கள். சரியாகிவிடுகிறது. அடுத்த மழைக்கு கரண்ட் போய் வந்ததும் அதே கோளாறு திரும்பி வருகிறது.

இப்படி விட்டு விட்டு வந்தால், ஒரே ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குக் கொடுக்கும் எண்) இரண்டு கருவிகள் வைத்திருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். பார்க்காமல் ரீஸ்டார்ட் செய்வதுதான் இதில் மிகப் பெரிய தவறு. காரணம் இதுதான். ஒரு கருவி இன்னொன்றோடு பேசும் முன் "இந்த ஐ.பி. யாருடையது?" என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும். உரிய கருவி தன் மெக் முகவரியை, அதாவது தயாரிக்கும்போதே கொடுக்கப்பட்ட அடையாள எண்ணை, பதிலாகச் சொல்லும். இதற்குப் பெயர் ஏ.ஆர்.பி. இரண்டு கருவிகள் பதில் சொன்னால், பெரும்பாலும் கடைசியாக வந்த பதிலே பதிவாகும். அதனால் திரை ஒரு நேரம் பி.எல்.சி.யோடு (ட்ரையரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பேசும், இன்னொரு நேரம் சம்பந்தமில்லாத பெட்டியைத் தேடிப் போகும். ரீஸ்டார்ட் செய்தால் அந்தப் பதிவு அழிந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும், தடயம்தான் போய்விடும்.

கரண்ட் போய் வரும்போது ஏன் மாறுகிறது? 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5227 விதியைப் பின்பற்றும் கருவி, ஒரு முகவரியை எடுக்கும் முன் அது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரிக்கும். இருந்தால், தானே ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் முதலில் விழித்துக்கொள்ளும் கருவிக்கே முகவரி கிடைக்கும். பி.எல்.சி. பிந்தினால், உண்மையான சொந்தக்காரனே வெளியே நிற்க வேண்டியதுதான். பழைய கருவிகள் சில விசாரிப்பதே இல்லை. அப்போது இரண்டும் சேர்ந்து குழப்பும்.

சரி, எப்படிப் பிடிப்பது? திரையும் பி.எல்.சி.யும் இருக்கும் அதே ஸ்விட்சில் ஒரு லெப்டொப்பைப் பொருத்துங்கள். பி.எல்.சி.யின் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பி, ஏ.ஆர்.பி. பதில்கள் பதிவாகும் அட்டவணையில் அதற்கு நேரே வரும் மெக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் சொல்லி, ட்ரையரில் தேயிலை இல்லாத நேரத்தில், பி.எல்.சி.யின் நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றுங்கள். லெப்டொப்பின் ஏ.ஆர்.பி. அட்டவணையை அழித்துவிட்டு மறுபடி பிங் அனுப்புங்கள். இப்போதும் பதில் வந்தால், பதில் சொல்வது யாரோ இன்னொருவர். அதன் மெக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள், அந்தக் கருவியையோ அதன் நெட்வொர்க் சிப்பையோ தயாரித்த கொம்பனியைக் காட்டும். உள்ளே நுழைந்து விவரம் பார்க்கக்கூடிய மேனேஜ்ட் ஸ்விட்ச் என்றால் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம்.

பிங்குக்குப் பதில் வரவில்லை, ஆகவே முகவரி காலியாக இருக்கிறது என்று முடிவு செய்வதும் தவறு. விண்டோஸ் கணினியின் ஃபயர்வோல் பிங்கை மறித்திருக்கலாம். அப்போதும் ஏ.ஆர்.பி. அட்டவணையில் அதன் மெக் முகவரி விழும். பிங்கை விட அதையே நம்புங்கள்.

அடுத்தது ரவுட்டர். மலைப்பக்கம் சிக்னல் சரியில்லை என்று யாராவது ஒரு சிம் ரவுட்டரை வாங்கி வந்து, ஒபிசுக்கு வைஃபை வேண்டுமென்று பெனலில் காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிடுவார்கள். பல வீட்டு ரவுட்டர்கள் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியோடுதான் வருகின்றன. சீமென்ஸின் புரோகிராம் எழுதும் மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டலில் புதிய பி.எல்.சி. ஒன்றைச் சேர்த்தால், தானாக விழும் முகவரியும் 192.168.0.1. மாற்றாமல் விட்டிருந்தால் மோதல் தயார். அதோடு அந்த ரவுட்டர், முகவரியைத் தானாகக் கொடுக்கும் டி.எச்.சி.பி. மூலம், வருகிறவர்களுக்கெல்லாம் முகவரி கொடுக்கத் தொடங்கும். யாரோ ஒருவரின் கைத்தொலைபேசிக்கு ரோலர் மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவ் வைத்திருக்கும் முகவரியே போகலாம். இயந்திர நெட்வொர்க்கையும் ஒபிஸ் வைஃபையையும் ஒரே ஸ்விட்சில் சேர்க்கவே வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், முகவரியின் கடைசி எண்ணை இயந்திரங்களுக்கு 10 முதல் 99 வரை, டி.எச்.சி.பி.க்கு 100 முதல் 199 வரை என்று பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது ட்ரையருக்கு முதலாவதின் புரோகிராமை அப்படியே ஏற்றினால் முகவரியும் சேர்ந்தே போகும். இதையும் கவனியுங்கள். புரொஃபிநெட் (இயந்திரக் கருவிகளுக்கான நெட்வொர்க் முறை) என்றால் கருவியின் பெயரும் இரட்டிக்கக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திரையில் உறைந்து நிற்கும் எண்ணை யாரும் நம்பக் கூடாது. இரவெல்லாம் வாட்டி, விடியலில் அரைத்த கொழுந்து காத்திருக்காது. ட்ரையர் சூடு தவறினால் அந்தத் தேயிலை கெட்டுப்போகும், அடுப்புப் பக்கம் நிற்பவர்களுக்கும் ஆபத்து. திரை சந்தேகமாக இருந்தால் ட்ரையரிலேயே பொருத்தியிருக்கும் தெர்மோமீட்டரைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள், நெட்வொர்க்கை அப்புறம் பார்க்கலாம்.

கருவியை மாற்றும்போது, கழற்றிய பழையதை அலுமாரியில் வைக்கும் முன் அதன் ஐ.பி.யை அழியாத பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். பெனல் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் கருவி, ஐ.பி., மெக், மாற்றிய திகதி நான்கும் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஆள் வந்து சேரும் வரை பெக்டரியில் இருப்பவர்களுக்கு அந்தத் தாள் மட்டும்தான் கையில் இருக்கும்.