ஆசிரியராக விரும்பும் தம்பி தங்கைகளுக்கு: முதலில் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள்

இலங்கையில் உயர்தரப் பரீட்சை (A/L) எழுதிவிட்டு ஆசிரியராகலாம் என்று இருக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு நேரான வழி தேசிய கல்வியியற் கல்லூரிதான். நமக்குப் பக்கத்திலேயே பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், கடைசி வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி.

விண்ணப்பம் அரசாங்க வர்த்தமானியில் வந்த பிறகு ஓடித் திரிவதைவிட இப்போதே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ஏனென்றால் நம் தோட்டங்களில் பதிவு செய்யும்போதே பெயர் மாறிப்போனது நிறைய, ஒன்றில் யோகேஸ்வரி, இன்னொன்றில் யோகேஸ்வரன், அப்பா பெயரும் ஆளுக்கொரு மாதிரி. இதைத் திருத்த பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும், அது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. நேர்முகப் பரீட்சைக்கு மூலப்பிரதிகளைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் முகவரி. தோட்டத்து லய வீட்டு முகவரி கொடுத்தால் பல இடங்களில் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து, தேதி போன பிறகுதான் கைக்கு வருகிறது, இது உண்மையிலேயே மனசுக்குக் கஷ்டமான விஷயம். டவுனில் நம்பிக்கையான கடையோ சொந்தக்காரர் வீடோ இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு அதைத் தபால் முகவரியாகப் போடுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பரை முடிவு வரும்வரை மாற்றாதீர்கள்.