ஸ்விஃப்ட் கரண்டில் போட்டி பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் சாஸ்காட்செவன் மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே, ஏறத்தாழ 17,000 பேர் வாழும் ஊர் ஸ்விஃப்ட் கரண்ட். பனித்தளத்தில் கனமான கற்களைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங்கின் உலக மகளிர் போட்டியையே 2010, 2016 என இருமுறை நடத்தியிருக்கிறது. அந்தப் பெயரை நம்பிப் பெருநகர வசதிகளை எதிர்பார்த்து வருபவர்கள்தான் அல்லாடுகிறார்கள்.

அறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். போட்டி வாரத்தில் அணிகளும் பெற்றோரும் விடுதிகளை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். பக்கத்து ஊரில் தங்கலாமே என்றால், கிழக்கே அடுத்த பெரிய ஊரான மூஸ் ஜா சுமார் 170 கிலோமீட்டர். அறை உறுதியான பிறகே ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

மாகாணத் தலைநகர் ரெஜைனா வரை விமானம், மிச்சத்துக்குப் பஸ் என்ற கணக்கும் உதவாது. மாகாண அரசின் பஸ் நிறுவனம் 2017இல் மூடப்பட்டது. மறு ஆண்டு தனியார் பஸ் நிறுவனமான கிரேஹவுண்டும் மேற்குக் கனடாவை விட்டுப் போய்விட்டது. ஆட்டம் முடியும் நேரத்துக்குத் தோதாகப் பஸ் கிடைப்பது அரிது. வாடகைக் கார்தான் வழி.

அந்தக் காரின் முகப்பில் ஒரு மின்பிளக் தொங்கினால் குழம்ப வேண்டாம். எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரின் வயர் அது. மைனஸ் 30 வரை இறங்கும் இரவில் அதைச் செருகாமல் விட்டால், காலையில் வண்டி முனகுவதோடு சரி. செருகும் வசதி விடுதியில் உண்டா என்று அறை பிடிக்கும்போதே கேளுங்கள். செருகியவர்களுக்கும் ஒரு கண்டம் உண்டு: அவசரத்தில் பிளக்கைப் பிடுங்க மறந்து வண்டியைக் கிளப்பி, வயரை அறுத்துக்கொள்வது.

நெடுஞ்சாலை நேராகவும் அகலமாகவும் இருக்கிறதே என்ற அலட்சியம் ஆபத்தானது. 1986 டிசம்பர் 30 அன்று, ஊரிலிருந்து கிளம்பிய பிரான்கோஸ் ஐஸ் ஹாக்கி அணியின் பஸ் சற்று நேரத்திலேயே பனியில் சறுக்கிக் கவிழ்ந்தது. நான்கு வீரர்கள் இறந்தார்கள். மாகாணத்தின் ஹைவே ஹாட்லைனில் சாலை நிலவரம் பார்க்காமல் புறப்படாதீர்கள்.

சாஸ்காட்செவனின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. டொராண்டோவுடன் குளிர்காலத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். மார்ச் நடுவில் அது இரண்டாகிவிடும். உலக மகளிர் கர்லிங் நடப்பதும் மார்ச்சில்தான். பழைய கணக்கை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்கு ஆட்ட நேரம் சொல்லாதீர்கள்.

கூரை இருக்கிறதே என்று மெல்லிய சட்டையோடு அரங்கில் உட்காருவதும் வேண்டாம். பனித்தளம் உருகாமல் இருக்க உள்ளேயும் குளிரத்தான் செய்யும். ஒரு போர்வை கொண்டுபோனால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பக்கத்து இருக்கைப் பாட்டியும் கொண்டுவந்திருப்பார். சைவம் உண்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கலாம், ஆனால் மேலே ஊற்றும் கிரேவி பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்தது. ஊற்றுவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.