நாய் குதறிய ஆமை: காப்பாற்றுவதா, கருணைக்கொலையா என்று முடிவெடுக்கும் முறை

வீட்டில் வளரும் தரை ஆமைக்குப் பலத்த காயம் ஏற்பட்டால், பெரும்பாலும் நாய், மொட்டை மாடி, பின்னோக்கி எடுக்கும் கார் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். எங்கள் வீட்டுச் சல்கட்டா ஆமையை (ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெரிய தரை ஆமை இனம்) நாய் குதறியபோது மேலோட்டின் பின்பகுதி நொறுங்கி, உள்ளே ஈரமான இளஞ்சிவப்புத் தசை தெரிந்தது. பார்த்தவர்கள் அனைவரும், இது பிழைக்குமா, இல்லையென்றால் வலியில்லாமல் போக விட்டுவிடலாமா என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு முதல் ஒரு மணி நேரத்தில் விடை சொல்ல முடியாது. ஆனால் விடை தேடாமல் நாள்களைக் கடத்துவது அதைவிடக் கொடியது. ஆமையின் உயிர் எளிதில் பிரிவதில்லை. சீழ் பிடித்த காயத்தோடு வாரக்கணக்கில் அது கிடக்கும். "அதுவாகப் போகட்டும்" என்று மூலையில் விட்டு வைப்பதை நான் கருணை என்று ஏற்க மாட்டேன்.

ஆமை வளர்ப்பின் அடிப்படைகளை இங்கே விளக்கப் போவதில்லை. காயம் பட்ட நொடியிலிருந்து முடிவு வரையிலான வரிசையை மட்டும் எழுதுகிறேன்.

முதல் படி: ரத்தத்தை நிறுத்துங்கள், ஈக்களைத் தடுத்துவிடுங்கள்

ரத்தம் வழியும் இடத்தில் சுத்தமான காஸ் துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், ஐந்து முதல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடைந்த ஓட்டுத் துண்டுகள் தசையோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். தனியே விழுந்த துண்டுகளைச் சலைனில் (மருந்துக் கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய உப்பு நீர்) நனைத்த காஸில் சுற்றி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஆமையைத் தலைகீழாகத் திருப்பி வைக்கவே கூடாது. காயத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டலாம்.

பிறகு ஆமையை ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்து, அடியில் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரியுங்கள். செய்தித்தாளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அது காயத்தில் ஒட்டிக்கொள்கிறது. வண்ணத் துண்டும் வேண்டாம், ஏனெனில் ரத்தமும் நிணநீரும் எவ்வளவு கசிகின்றன என்பது அதில் தெரியாது. டப்பின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். நம் ஊர் வெயிலில் திறந்த காயத்தின் மேல் ஈ முட்டையிட்டால் ஒரே நாளுக்குள் புழு வந்துவிடும், புழு வயிற்றறைக்குள் இறங்கிவிட்டாலோ காப்பாற்ற முடிந்த ஆமையும் கையை விட்டுப் போய்விடும். இந்தப் படியில் நீங்கள் வைத்திருக்கும் எல்லாப் பொருள்களையும்விடக் கொசுவலைதான் முக்கியமானது.

இரண்டாம் படி: கழுவுவதற்கு முன் உள்ளே பாருங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், நானும் இங்கேதான் நீண்ட நேரம் தயங்கி நின்றேன். காயத்தைக் கண்டதும் கழுவத்தான் கை போகும். ஆனால் ஆமையின் நுரையீரல்கள் மேலோட்டுக்கு நேர் கீழே, முதுகுப் பக்கமாக ஒட்டினாற்போல் இருக்கின்றன. மேலோட்டில் ஓட்டை விழுந்து உட்சவ்வும் கிழிந்திருந்தால், நாம் ஊற்றும் தண்ணீரும் மருந்தும் நேராக நுரையீரலுக்கோ வயிற்றறைக்கோ போய்விடும்.

ஆகவே நல்ல டார்ச் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். ஆமை கழுத்தையும் கால்களையும் அசைத்து மூச்சு விடும்போது காயத்தின் விளிம்பில் சிறு குமிழ்கள் எழுகின்றனவா? விரிசலுக்குள் இருண்ட வெற்றிடம் தெரிகிறதா? மெல்லிய பளபளப்பான சவ்வு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? முதல் இரண்டில் ஒன்று தெரிந்தாலும் எந்தத் திரவமும் ஊற்றாமல், ஈரமான காஸால் மூடிக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். சவ்வு கிழியாமல் அசைவது தெரிந்தால் அது நல்ல செய்திதான் என்றாலும், அதன் மேலும் பீய்ச்சி அடிக்கக் கூடாது. பாலூட்டிகளைப் போல ஆமைக்கு உதரவிதானம் (நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத் தடுப்பு) இல்லை. ஆகவே மேலோடு திறந்துகொண்டாலும் நுரையீரல் உடனே சுருங்கி மூச்சு நின்றுவிடுவதில்லை. பார்க்கவே அஞ்சும்படி உடைந்த ஆமை நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

உள்ளே திறக்கவில்லை என்று உறுதியானால், மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டிலால் கழுவி, வெளிர் தேநீர் நிறம் வரும் அளவுக்கு நீர்த்த பீட்டாடைனால் ஒற்றி எடுக்கலாம். வீட்டில் உப்புக் கரைத்துச் செய்வதைவிடப் பாட்டில் சலைனையே நான் நம்புகிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல திசுவையும் அரித்துவிடும். மஞ்சள் தூள், காபித் தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை மருத்துவர் பிறகு ஒவ்வொரு துகளாக எடுக்க வேண்டியிருக்கும். எம்-சீல், ஃபெவிக்விக் போன்றவற்றால் விரிசலை அடைக்கச் சொல்லும் காணொளிகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். ஓடு என்பது நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற உயிருள்ள எலும்பு. கிருமியை உள்ளே வைத்து மூடினால் அந்த எலும்பே அழுகும்.

மூன்றாம் படி: சூடு

ஆமையின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. நோய் எதிர்ப்பும் மருந்தின் வேலையும் அதைப் பொறுத்தே நடக்கும். ஆனாலும் ரத்தம் இழந்து துவண்டிருக்கும் ஆமையை உடனே விளக்கின் கீழ் வைக்காதீர்கள். மருத்துவர் திரவம் ஏற்றும் வரை நிழலான அறை போதும். பின்னர், சல்கட்டா போன்ற வெப்ப நாட்டு ஆமைக்கு, இரவும் பகலும் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருக்க வேண்டும். வெளிச்சம் தராத செராமிக் சூடேற்றியும், டப்பின் தரையில் வைக்கும் கம்பி உணரி கொண்ட வெப்பமானியும் என் தேர்வு. காயம் திறந்திருக்கும் வரை வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் உட்கார வைக்கும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

நான்காம் படி: யாரிடம் போவது, என்ன கேட்பது

நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனைக்குப் போனால், அங்கே ஊர்வன சிகிச்சையில் பழக்கமுள்ளவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். சென்னையில் வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. காயம் பட்ட முதல் ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் கிருமித் தொற்று வேரூன்றுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கலாம்.

எக்ஸ்-ரே இல்லாமல் எந்த முடிவும் வேண்டாம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முன்னிருந்து பின்னாக ஒன்று என மூன்று கோணங்களில் எடுத்தால்தான் நுரையீரல்களை ஒப்பிட முடியும், முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்றும் தெரியும். பெண் ஆமையென்றால் உள்ளே முட்டைகள் இருப்பதும் அதில் தெரிந்துவிடும்.

வலி மருந்து கொடுக்கப்படுகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆமை கத்தாது, முனகாது. அதனால் அதன் வலி கவனிக்கப்படாமல் போவது எளிது. டிரமடால், மார்ஃபின் வகை மருந்துகள் ஆமைகளுக்கு வேலை செய்கின்றன. நாய்களுக்குப் பயன்படும் பியூட்டார்ஃபனால் ஆமைகளுக்கு அவ்வளவாகப் பலன் தருவதில்லை. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் எந்த மாத்திரையையும் பொடித்துக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பின்னங்கால்களைச் சரியாகப் படியுங்கள்

முடிவு பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கிறது. ஆமையின் முதுகெலும்பு மேலோட்டின் நடுக்கோட்டில் அதனோடு இணைந்தே இருப்பதால், நடுக்கோட்டில் விழுந்த உடைசல் தண்டுவடத்தை நசுக்கியிருக்கக் கூடும். விளிம்பில் உடைந்து துண்டு துண்டாகத் தொங்கும் ஓடு பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் நன்றாக ஆறும். நடுமுதுகில் பல் பதிந்த சிறு குழியோ பெருங்கேட்டைச் செய்துவிடும்.

பின்னங்கால் விரலை மெதுவாகக் கிள்ளியதும் ஆமை காலை இழுத்துக்கொண்டால் உணர்வு இருக்கிறது என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அந்த இழுப்பு, மூளைக்குச் செய்தி போகாமலேயே, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி மட்டும் தானாகச் செய்யும் வேலையாக இருக்கலாம். ஆகவே காலைப் பார்க்காமல் தலையைப் பாருங்கள். கிள்ளும்போது தலையை உள்ளிழுக்கிறதா, வாயைத் திறக்கிறதா, திரும்பிப் பார்க்கிறதா, முன்னங்கால்களால் விலகிப் போக முயல்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளைக்குச் செய்தி போகும் வழி திறந்திருக்கிறது. வால் அசைவும், மலமும் சிறுநீரும் கட்டுப்பாட்டோடு வெளியேறுவதும் அடுத்த சான்றுகள். எங்கள் ஆமை முதல் நாளில் பின்னங்காலை மட்டுமே இழுத்துக்கொண்டது. தலையில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் அதிர்ச்சியும் வீக்கமும் உணர்வைத் தற்காலிகமாக மறைக்கக் கூடியவை என்பதால், வலியைக் கட்டுப்படுத்த முடிந்தவரை சில நாள் பொறுத்து மறுபடி சோதிக்கலாம் என்றார் மருத்துவர். பிறகொரு நாள், கிள்ளியதும் கழுத்தை நீட்டித் திரும்பி என் கையைப் பார்த்தது.

ஆறாம் படி: முடிவு

மருத்துவரும் வீட்டில் உண்மையாகவே பராமரிக்கப் போகிறவரும் ஒன்றாக உட்கார்ந்து மூன்று கேள்விகளைப் பேசுங்கள். வலியைக் கட்டுக்குள் வைக்க முடிகிறதா? ஆறிய பிறகு தானாகத் தின்று, கழித்து, நடமாட இயலுமா? மாதக்கணக்கில் கட்டு மாற்றவும் ஊசி போடவும் இந்த வீட்டில் ஆளும் பணமும் உண்டா? மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலர் வெட்கப்படுகிறார்கள். அறுவைச் சிகிச்சையின் செலவைவிடத் தொடர்ந்து வரும் கட்டு மாற்றங்களின் செலவும் அலைச்சலும்தான் குடும்பத்தை அயர வைக்கும். நடுவில் கைவிடப்பட்ட சிகிச்சையின் துன்பம் முழுவதும் ஆமைக்கே போகிறது.

ஒரு காலை இழந்த ஆமை நன்றாக வாழும். சிறிய ஆமையென்றால் அடியோட்டில் சக்கரம் ஒட்டிக்கூட நடக்க வைக்கிறார்கள். ஆனால் வளர்ந்த சல்கட்டா 40 கிலோவையும் தாண்டும் என்பதை மறக்காமல் யோசியுங்கள். உடைந்த ஓட்டைத் திருகாணி, கம்பி, தகடு கொண்டு சேர்க்கிறார்கள். இழந்த பகுதி உள்ளிருந்து மெல்ல வளர்ந்து மூடிக்கொள்கிறது. இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மாறாக, தண்டுவடம் அறுபட்டு உணர்வு திரும்பாத நிலை, தாடை முழுவதும் நசுங்கிய நிலை, உள்ளுறுப்புகள் வெளிவந்து அழுகிய நிலை, வயிற்றறைக்குள் புழு பரவிய நிலை ஆகியவற்றில், சிகிச்சை என்ற பெயரில் துன்பத்தை நீட்டிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சிகிச்சையைத் தேர்ந்தால் மறுபரிசீலனைக்கு ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறை மின்னணுத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். பெரிய ஆமைக்கு மளிகைக் கடைத் தராசு உதவும். முதல் வாரங்களில் தின்னாமல் இருப்பதை மட்டும் வைத்துக் கைவிடாதீர்கள், கழுத்து வழியாகக் குழாய் வைத்து உணவூட்ட முடியும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், குறித்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

கருணைக்கொலையைத் தேர்ந்தால் அதை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். ஃப்ரீசரில் வைப்பது வலியற்ற சாவு என்று சொல்வது தவறு. தலையைத் துண்டிப்பதும் தீர்வாகாது. ஆக்சிஜன் இல்லாமலும் ஆமையின் மூளை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். முதலில் மயக்க மருந்து, முழு உணர்விழப்பை உறுதிசெய்த பின் உயிர் போக்கும் ஊசி, அதன் பின் மூளையை நேரடியாகச் செயலிழக்கச் செய்தல் என்ற வரிசையில் செய்வார்களா என்று முன்பே கேளுங்கள். மூளை இறந்த பிறகும் இதயம் மணிக்கணக்கில் துடிக்கக் கூடும் என்பதால், மருத்துவர் உறுதிசெய்யாமல் புதைக்க வேண்டாம்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்த ஒருவர், புழு வைத்த ஆமைக்கு ஐவர்மெக்டின் போடலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கூடாது, மாட்டுக்கும் நாய்க்கும் வழக்கமாகப் போடும் அந்த ஊசி ஆமையைக் கொன்றுவிடும். டர்பன்டைன் எண்ணெயும் வேண்டாம். இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். மருத்துவருக்கே ஆமை புதிதென்றால் ஐவர்மெக்டின் ஆகாது என்பதை நீங்களே நினைவூட்டுங்கள்.

தொட்டியில் வளரும் சிவப்புக் காது ஆமைக்கு ஓடு உடைந்தால் என்ன செய்வது என்று மற்றொருவர் கேட்டார். மேற்சொன்ன வரிசையே அதற்கும் பொருந்தும். ஆனால் அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்து, மருத்துவர் சொல்லும் சிறு நேரத்துக்கு மட்டும் நீரில் விட வேண்டும்.

நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்கள் சிலர், வழக்கு வருமோ என்று அஞ்சி மருத்துவரிடம் போகாமல் இருப்பதாக எழுதினார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றம்தான். அந்த அச்சத்துக்காக ஆமையை அழுக விடுவதை நான் ஏற்க முடியாது. வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். அது இறந்துவிட்டால் உடலைத் தோட்டத்தில் புதைக்காமல் அவர்களிடமே கொடுங்கள். சல்கட்டா போன்ற வெளிநாட்டு ஆமைகளை, 2024-இல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆமை இறந்தால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும் என்பதால், சிகிச்சைச் சீட்டுகளையும் எக்ஸ்-ரே படங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.