ஃபால்ட் அடைக்குமா, ஒழுகுமா?

காரைக்குடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இரண்டு ஊருணிகள், நடுவில் ஒரே கரை. ஐப்பசி மழைக்கு இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்துக் கரை ஒழுகுகிறது என்று சொல்லிவிட முடியுமா? ஒரே மழை இரண்டையும் நிரப்பியிருக்கிறது, அவ்வளவுதான். சித்திரையில் ஒன்றில் மோட்டார் வைத்து இறைக்கும்போது மற்றதும் இறங்கினால்தான் கரையின் லட்சணம் தெரியும்.

காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகளோடு மாரடித்துவிட்டு ஓய்வுக்கு ஊர் திரும்பியவன் நான். எண்ணெய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கை மகன் போனில் கேட்டான்: "அம்மான், இந்த ஃபால்ட் சீலா, லீக்கா?" நிலத்தடிப் பாறை அடுக்குகள் உடைந்து ஒரு பக்கம் நகர்ந்த பிளவுதான் ஃபால்ட்; அது எண்ணெயை அடைத்து நிறுத்துமா, ஒழுகவிடுமா என்பது அவன் சந்தேகம். கேள்வியே சரியில்லை என்றேன். எந்த ஆழத்தில், எந்த அடுக்குகளுக்கு நடுவில், எவ்வளவு அழுத்தத்துக்கு என்று கேட்க வேண்டும். ஒரே ஃபால்ட் ஓரிடத்தில் அடைக்கும், அரை கிலோமீட்டர் தள்ளி ஒழுகும்.

முதலில் எது எதற்கு எதிரே வந்து நிற்கிறது என்று பார். ஃபால்ட் தளத்தை ஒரு சுவர் போல நிறுத்தி, இரண்டு பக்கத்து அடுக்குகளையும் அதன்மேல் வரை. 1989-ல் ஆலன் என்ற புவியியலாளர் வெளியிட்ட முறை இது. இன்றும் முதல் வேலை இதுதான். மணற்பாறைக்கு எதிரே ஷேல் என்னும் களிமண் பாறை வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மணலுக்கு மணல் வந்தால் அது எண்ணெய் கடக்கக்கூடிய ஜன்னல். அடுக்கு இறங்கிய அளவு, அதாவது த்ரோ, ஃபால்ட் நெடுக ஒன்றுபோல இருக்காது. பொதுவாக நடுவில் அதிகம், முனைகளில் பூஜ்யம். அதனால் ஒரே குறுக்குவெட்டை வைத்து முடிவு கட்டாதே.

ஜன்னல்களில் மிக மேலே இருப்பதைக் குறித்துக்கொள். எண்ணெய்–நீர் மட்டம் சரியாக அந்த ஆழத்தில் நின்றால், அங்கே ஒழுகுகிறது என்று சந்தேகப்படலாம். எண்ணெய் அதற்கும் கீழே வரை நிறைந்திருந்தால், மணலும் மணலும் ஒட்டியிருந்தும் நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது.

அந்த ஏதோ பெரும்பாலும் களிமண்தான். கொத்தனார் கரணையால் சுண்ணாம்பை இழுப்பதுபோல, நகரும் பாறை ஷேலை ஃபால்ட் நெடுகப் பூசிக்கொண்டே போகும். சாந்து கொஞ்சமாக இருந்து இழுப்பு நீளமானால் நடுவில் செங்கல் தெரியும், இல்லையா? அதைத்தான் ஷேல் கௌஜ் விகிதம் என்று கணக்குப் போடுகிறோம். த்ரோ 60 மீட்டர். அந்தப் புள்ளியைத் தாண்டி நகர்ந்த 60 மீட்டர் பாறையில் ஷேல் 6 மீட்டரும் 9 மீட்டரும் என்றால், 15-ஐ 60-ஆல் வகுத்து 25 சதவீதம். 15–20 சதவீதத்துக்கு மேல் போனால் அடைப்பு தொடங்கலாம் என்பது வழக்கம். உங்கள் எண்ணெய் வயலின் கிணறுகளோடு ஒப்பிடாமல் அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே.

அடுத்தது அழுத்தம். இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஃபால்ட்டின் இரு பக்கக் கிணறுகளில் 35 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வித்தியாசம் கண்டதும் "சீல்" என்று கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். மூத்தவர் ஒருவர் அமைதியாக, "ரெண்டும் ஒரே ஆழமாப்பா?" என்றார். 30 மீட்டர் வித்தியாசம். எண்ணெயில் மீட்டருக்குச் சுமார் 1.15 பிஎஸ்ஐ, அதிலேயே 34 போய்விட்டது! எல்லாவற்றையும் ஒரே ஆழத்துக்குக் கொண்டுவந்த பிறகும் வித்தியாசம் நின்றால் அது சாட்சி. ஒரே அளவு வந்தால் ஐப்பசி ஊருணியை நினைத்துக்கொள்.

அப்புறம் காலம். கோடி ஆண்டுகளில் பொட்டுப் பொட்டாக ஒழுகி இரு பக்கத்தையும் சமன் செய்த ஃபால்ட், இருபது வருட உற்பத்தியில் சுவர் போலவே நடந்துகொள்ளும். தலைகீழாகவும் நடக்கும்: ஒரு பக்கம் எடுக்க எடுக்க அழுத்த வித்தியாசம் ஏறி, களிமண் தாங்கும் அளவைத் தாண்டினால் எதிர்ப் பக்கத்து எண்ணெய் இந்தப் பக்கம் வரத் தொடங்கும். தண்ணீர் செலுத்தும் கிணறு ஃபால்ட்டுக்கு அருகில் இருந்தால் இன்னும் உஷார்; அழுத்தம் ஏறி ஃபால்ட்டே மறுபடி நகர்ந்து வழிவிடலாம்.

ஆகவே கணினி மாடலில் ஃபால்ட்டுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து மூடிவைக்காதே. முழு அடைப்பு, முழுத் திறப்பு, நடுவில் இரண்டு மூன்று அளவுகள் என்று ஓட்டிப் பார். ஒரு கிணற்றைத் திறந்துவிட்டு, எதிர்ப் பக்கக் கிணற்றை மூடி வைத்து, அதில் அழுத்தம் இறங்குகிறதா என்று சில வாரம் கவனி. மாடலை ஓட்டியதில் எந்த விடை அதோடு பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்.