வேலை தேடுகிறீர்களா? தூரத்து அறிமுகங்களிடம் சொல்லுங்கள்

வேலை தேடும்போது நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பேசியே ரொம்ப நாளான பழைய சக ஊழியர், கூடப் படித்தவர் போன்றவர்களுக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள். "எப்படி இருக்கீங்க? இப்போ கணக்குப் பிரிவில் வேலை தேடுறேன், உங்க பக்கம் ஏதாவது காலியிடம் தெரிஞ்சா சொல்லுங்க." இவ்வளவு போதும்.

நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நம் காதுக்கும் ஏற்கெனவே வந்திருக்கும். தூரத்து அறிமுகமோ வேறொரு வட்டத்தில் புழங்குபவர், அங்கே நடப்பது நமக்குப் புதிது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதிவிட்டார். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022-இல் வெளியான ஆய்வும் இதை உறுதிசெய்தது, ஒரு முக்கியமான திருத்தத்தோடு: பெயரளவில் மட்டும் தெரிந்தவரைவிட, ஓரளவு பழகியவர் மூலம்தான் வேலை அதிகம் அமைகிறது. அதனால் கான்டாக்ட் லிஸ்டில் உள்ள எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் திறமைக்கு யாராவது உத்தரவாதம் சொல்ல வேண்டிய இடத்தில் இது எடுபடாது, அதற்குக் கூடவே வேலை பார்த்தவர்தான் வேண்டும். அப்புறம், வேலை மாறும் எண்ணம் இப்போதைய ஆபீசுக்குத் தெரியக் கூடாதென்றால், யாருக்கு அனுப்புகிறோம் என்பதில் கவனமாக இருங்கள்.